ஸ்கங்கைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு

போன வாரம் ஒரு நாள், கடற்கரைச் சாலையில் காலை நடையை முடித்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து பேரும் ஓய்வூதியக்காரர்கள். நேரத்துக்குப் பஞ்சமில்லை. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர், கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்தார்.

"கேளுங்கய்யா இந்தக் கூத்த. அமெரிக்காவுல ஸ்கங்க்னு ஒரு பிராணியாம். கிட்ட போனா நாத்தத்தைப் பீய்ச்சி அடிக்குமாம். அந்த நாத்தத்துல என்னென்ன இருக்குன்னு நூறு வருஷத்துக்கு மேல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களாம். காசு கொழுத்துப் போனா இப்படித்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். "நம்ம பெரிய வாய்க்காலுக்கு வரச் சொல்லுங்க, இலவசமாவே ஆராய்ச்சி பண்ணலாம்" என்றார் இன்னொருவர். அதற்கும் சிரிப்பு.

"என்ன முசியே, நீங்க மட்டும் சிரிக்கல?" என்று என்னைக் கேட்டார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் ஐம்பது வருஷமாக எனக்கு அந்தப் பெயர். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வாயில் வராதது பேனாவில்தான் வரும். முப்பத்துநான்கு வருஷம் கோப்புகளில் குறிப்பு எழுதிப் பிழைத்தவன் நான். ஆகவே இதையும் ஒரு குறிப்பாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். கொஞ்சம் கோபமும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பிராணியைப் பற்றி. நம் ஊர் மரநாயோ புனுகுப்பூனையோ அல்ல இது. இந்தியாவிலேயே கிடையாது. அமெரிக்கக் கண்டங்களில் கனடாவிலிருந்து தென்கோடி வரை இருக்கிறது. பூனை அளவு. கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைப் பட்டை. பிரெஞ்சில் இதற்கு மூஃபெத் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் கனடாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஆன்ஃபான் துய் தியாபிள்', அதாவது பிசாசின் பிள்ளை. ஒரு முறை மேலே பட்டவர்கள்தான் இப்படிப் பெயர் வைத்திருப்பார்கள்.

நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன். 2011இல் மகள் வீட்டுக்கு மோன்ரேயால் போயிருந்தேன். வசந்தகாலம். இரவு குப்பைப் பெட்டியை வாசலில் வைக்கப் போனபோது, புல்தரையில் பத்தடி தூரத்தில் அது நின்றது. நான் அசையவில்லை. அது முன்னங்கால்களால் தரையைத் தட்தட்டென்று தட்டியது. வாலைத் தூக்கியது. பின்னாலிருந்து மாப்பிள்ளை, "மாமா, அப்படியே மெதுவா பின்னால வாங்க, திரும்பி ஓடாதீங்க" என்றார். நான் பின்வாங்கினேன். அதுவும் வாலை இறக்கிக்கொண்டு போய்விட்டது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஸ்கங்க் எடுத்த எடுப்பிலேயே அடிக்காது. காலைத் தட்டி எச்சரிக்கும், வாலைத் தூக்கி எச்சரிக்கும். புள்ளி போட்ட ஸ்கங்க் என்று இன்னொரு வகை முன்னங்கால்களில் தலைகீழாக நின்றுகூட எச்சரிக்கும். மலவாய்க்கு இரு பக்கமும் உள்ள இரண்டு சுரப்பிகளில் கொஞ்சம்தான் சரக்கு. தீர்ந்துவிட்டால் மறுபடி நிரம்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் கடைசி வழியாகத்தான் அதைச் செலவழிக்கும். சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டுப் போகும் எங்கள் தெரு நாய்களைவிட மரியாதை தெரிந்த பிராணி.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு நாய் அதனிடம் மாட்டிக்கொண்டது. அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தமிழிலும் வார்த்தை இல்லை, பிரெஞ்சிலும் இல்லை. ரப்பர் எரிந்த மாதிரி, அழுகிய பூண்டு மாதிரி, தொண்டையைப் பிடிக்கிற மாதிரி. கண்ணில் நீர் வந்தது.

அந்த வீட்டம்மாள் தக்காளிச் சாறு டப்பாக்களைத் திறந்து நாயின் மேல் ஊற்றினார். அது அங்கே பாட்டி வைத்தியம். பயனில்லை. நம் மூக்கு ஒரே நாற்றத்தைக் கொஞ்ச நேரம் முகர்ந்தால் மரத்துப்போகும், அதன் மேல் தக்காளி வாசனைதான் தெரியும், நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம். அவ்வளவுதான். பிறகு மாப்பிள்ளை ஒரு கலவை செய்து கொடுத்தார். மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் ஒரு லிட்டர், கால் கோப்பை சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். நாயின் கண்ணிலும் வாயிலும் படாமல் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினார்கள். நாற்றம் போயே போய்விட்டது.

இந்தக் கலவை எங்கிருந்து வந்தது? நண்பர் சிரித்தாரே, அந்த ஆராய்ச்சியிலிருந்துதான். அதன் கதையைக் கேளுங்கள்.

1896இல் தாமஸ் ஆல்ட்ரிச் என்ற வேதியியலர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், ஸ்கங்கின் திரவத்தை ஆராய்ந்து, அதில் பியூட்டைல் மெர்காப்டான் என்ற கந்தகப் பொருள் இருக்கிறது என்று எழுதினார். அன்றைய கருவிகளை வைத்துக்கொண்டு அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கந்தகம் என்பது சரி, மெர்காப்டான் என்பதும் சரி. எந்த மெர்காப்டான் என்பதுதான் தவறு. அந்தத் தவறு பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. ஒருவர் புத்தகத்தைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். அவரைப் பார்த்து இன்னொருவர். 1975இல் ஆண்டர்சன், பெர்ன்ஸ்டீன் என்ற இருவர் புதிய கருவிகளை வைத்துப் பார்த்து, அந்தப் பொருள் அதில் இல்லவே இல்லை, இருப்பவை வேறு மெர்காப்டான்கள் என்று காட்டினார்கள். அதற்குள் சுமார் எண்பது ஆண்டுகள்!

இதைப் படித்தபோது எனக்கு என் அலுவலகம் நினைவுக்கு வந்தது. பதிவேட்டில் ஒரு பெயர் ஒரு முறை தவறாக ஏறிவிட்டால் அதோடு முடிந்தது. அடுத்த வருஷப் பதிவேட்டுக்கு அப்படியே நகல் எடுப்போம். அந்த ஆள் நேரில் வந்து நின்று, "ஐயா, இது என் பெயர் இல்லை" என்று சொன்னாலும், "பதிவேட்டில் இப்படித்தான் இருக்கிறது" என்போம். பிரெஞ்சு எழுத்தில் எழுதிய தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் மாற்றி, ஆங்கிலத்திலிருந்து மறுபடி தமிழுக்கு மாற்றி, அப்பன் வைத்த பெயரே அடையாளம் தெரியாமல் போன குடும்பங்கள் எங்கள் ஊரில் எத்தனை! பதிவேட்டைத் திருத்த யாராவது ஒருவன் மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் எனக்குப் புரிந்தவரை அதுதான்: மூலத்தை மறுபடி திறந்து பார்ப்பது. பார்க்கப்போவது ஸ்கங்கின் பின்பக்கமாக இருந்தாலும்.

1990இல் வில்லியம் வுட் என்ற கலிஃபோர்னியப் பேராசிரியர் மேலும் ஒன்றைக் கண்டார். அந்தத் திரவத்தில் நேரடியாக நாறும் பொருள்கள் மட்டும் இல்லை. தையோஅசிட்டேட் என்ற, அவ்வளவாக நாறாத பொருள்களும் இருக்கின்றன. தண்ணீர் பட்டால் இவை மெதுவாக நாறும் பொருள்களாக மாறும். குளிப்பாட்டிய நாய் மழையில் நனைந்தால் மறுபடி ஏன் நாறுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. 1993இல் பால் கிரேபாம் என்ற வேதியியலர் நான் சொன்ன அந்தச் சோடாக் கலவையை வெளியிட்டார். கந்தகப் பொருளோடு ஆக்சிஜனைச் சேர்த்துவிட்டால் நாற்றம் செத்துவிடும் என்பதே அதன் தத்துவம். அவர் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கினாலும் புட்டியில் அடைத்து விற்க முடியாது, கலவை வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், புட்டி வெடிக்கும். ஊருக்குச் சும்மா கொடுத்துவிட்டார்.

முதலில் தவறாக எழுதினாரே ஆல்ட்ரிச், அவர் பிறகு என்ன செய்தார் தெரியுமா? 1901இல், நம் உடம்பிலுள்ள அட்ரினலினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதே வேலையை ஜப்பானியரான தகாமினே தனியாகச் செய்தார். இன்றைக்குக் குளவி கொட்டியோ மருந்து ஒவ்வாமலோ ஒருவர் மூச்சுத் திணறி விழுந்தால் டாக்டர் முதலில் எடுக்கிற ஊசி அட்ரினலின். ஸ்கங்கின் நாற்றத்தைப் பொறுமையாகப் பிரித்துப் பழகிய கை அது. காசு கொழுத்துப்போன கை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

நமக்கும் அந்த நாற்றத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். சமையலறையில் சிலிண்டர் கசிந்தால் ஒரு நாற்றம் வருகிறதே, அது வாயுவின் நாற்றம் அல்ல. வாயுவுக்குத் தனி வாசனை அவ்வளவாக இல்லை. வேண்டுமென்றே அதில் எத்தில் மெர்காப்டான் கலக்கிறார்கள். ஸ்கங்கின் நாற்றத்துக்கு அது பங்காளி முறை. 1937 மார்ச் 18ஆம் தேதி டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் வாசனையில்லாத வாயு கசிந்து வெடித்தது. சுமார் முந்நூறு பேர் மாண்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் வாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ஸ்கங்க் ஆராய்ச்சியால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே இந்தக் குடும்பத்தை நம் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பது தெரிந்திருந்ததால்தான் அது கைகொடுத்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தகவல். பீர் வெயிலில் இருந்தால் கெட்டு ஒரு மாதிரி நாறுமே, அதுவும் இதே குடும்பம்தான். பாட்டில் ஏன் பழுப்பு நிறம் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

இதுவரை சொன்னது எல்லாம் சில்லறை. இவ்வளவுதான் என்றால் நண்பர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். நான் சிரிக்காததற்குக் காரணம் வேறு. அதை இதுவரை எழுதியதில்லை.

1961. எனக்குப் பதினோரு வயது. முத்தியால்பேட்டையில் கூட்டுக் குடும்பம். சித்தப்பா மகனுக்கு ஒன்பது வயது. பங்குனி கடைசியில் தெருநாய் ஒன்று அவன் கெண்டைக்காலைக் கடித்தது. ஆயா சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் வைத்துக் கட்டினார். ஒருவர் வந்து மந்திரித்துக் கயிறு கட்டினார். ஊசி போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றதும் சித்தி அழுதார். அதற்குள் காயமும் காய்ந்துவிட்டது. பிள்ளை ஓடியாட ஆரம்பித்துவிட்டான். பத்தியம் மட்டும் சொன்னார்கள்: மூன்று மாதம் மீன், கருவாடு, கத்தரிக்காய் கூடாது.

எழுபது நாள் கழித்து, மாம்பழக் காலம் முடிகிற சமயம், அவன் கால் எரிகிறது என்றான். மறுநாள் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் சித்தி தண்ணீர் கொடுத்தபோது டம்ளரைப் பார்த்து அலறினான். நான்காவது நாள் போய்விட்டான்.

அதற்குப் பத்து நாளுக்கு முன் சித்தி அவனுக்கு ஒரு துண்டு வஞ்சிர மீன் கொடுத்திருந்தார். பிள்ளை கேட்டான் என்று கொடுத்தார். "பத்தியம் முறிஞ்சுது, விஷம் ஏறிடுச்சு" என்றார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஆனால் எல்லாரும் சொன்னோம். சித்தி 1994இல் காலமானார். முப்பத்துமூன்று வருஷம் அவர் மீன் தொடவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதுகூடக் குறைவு.

எங்கள் பள்ளிப் புத்தகத்தில் பஸ்தேர் பாடம் உண்டு. 1885 ஜூலை 6ஆம் தேதி, அல்சாஸிலிருந்து வந்த ஜோசஃப் மைஸ்தேர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு லூயி பஸ்தேரின் தடுப்பு மருந்து முதல் முதலாகப் போடப்பட்டது, பையன் பிழைத்தான். பாடம் நடந்த அன்று நான் எழுந்து கேட்டேன்: "முசியே, கடித்து இரண்டு மாதம் கழித்து நோய் வருகிறது என்றால், அந்த இரண்டு மாதம் விஷம் எங்கே இருக்கும்?" ஆசிரியர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் யோசித்து, "அது இன்னும் யாருக்கும் தெரியாது, நீ பெரியவனாகிக் கண்டுபிடி" என்றார். நான் பெரியவனாகிக் குமாஸ்தா ஆனேன்.

விடையை நான் கண்டது ஐம்பது வருஷம் கழித்து, மோன்ரேயாலில். நாய் மேல் ஸ்கங்க் அடித்த அந்த வாரம், உள்ளூர் நூலகத்தில் பிரெஞ்சில் ஒரு துண்டுப் பிரசுரம் பார்த்தேன். மூஃபெத்தைத் தொடாதீர்கள், அதற்கு ராஜ் இருக்கலாம் என்று இருந்தது. ராஜ் என்றால் வெறிநோய். நமக்கு நாய் எப்படியோ, வட அமெரிக்காவில் வௌவால், ரக்கூன், நரி, ஸ்கங்க் அப்படி. வெறிநோய்க் கிருமி அவற்றில்தான் குடியிருக்கிறது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் நான் விடவில்லை. பேரனைக் கணினியில் உட்கார வைத்துத் தேடச் சொன்னேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நெப்பியன் என்ற இடத்தில் விலங்கு நோய் ஆய்வு நிலையம். அங்கே சார்ல்டன் என்பவரும் அவர் குழுவும் செய்த வேலை 1997இல் வெளிவந்தது. ஸ்கங்குகளின் தசையில் வெறிநோய்க் கிருமியைச் செலுத்தினார்கள். சுமார் இரண்டு மாதம் கழித்து, நோயின் அறிகுறி எதுவும் வருவதற்கு முன், கிருமி எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். ரத்தத்தில் ஊறிக் கிடக்கவில்லை. மூளைக்கும் போகவில்லை. முதுகுத்தண்டிலும் பெரும்பாலும் இல்லை. ஊசி போட்ட அதே இடத்தில், தசை நார்களுக்குள் இருந்தது. கடிபட்ட இடத்திலேயே கிருமி மாதக்கணக்கில் தங்கி, பிறகுதான் நரம்பைப் பிடித்து மேலே ஏறுகிறது.

எலியில் பார்க்கக் கூடாதா, ஏன் ஸ்கங்க் என்று கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் பழக்கிய கிருமியைச் செலுத்திய எலி சில நாளிலேயே நோய் கண்டு செத்துவிடும். மெதுவாக வரும் நோயை அதில் பார்க்க முடியாது. ஸ்கங்கில் அந்த நோய் இயற்கையாகவே வருகிறது, மனிதனுக்கு வருவதுபோலவே நாள் எடுத்துக்கொண்டு வருகிறது. அதனால் ஸ்கங்க்.

அன்று இரவு மகள் வீட்டில் நான் தூங்கவில்லை. என் தம்பியின் கெண்டைக்காலில் எழுபது நாள் அது உட்கார்ந்திருந்தது என்று எனக்குப் புரிந்தது. அவன் கோலி விளையாடியபோது, என்னோடு கடற்கரைக்கு வந்தபோது, சித்தி கொடுத்த மீனைத் தின்றபோது, அங்கேயேதான் இருந்தது. மீனுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சித்தி எந்தப் பாவமும் செய்யவில்லை. இதைச் சொல்ல அவர் உயிரோடு இல்லை. அவர் போய் மூன்று வருஷம் கழித்துத்தான் அந்தக் கட்டுரையே வந்தது.

ஆனால் அந்த ஸ்கங்க் ஆராய்ச்சி இன்னொன்றையும் சொன்னது. அந்த எழுபது நாளில் பல நாள், ஊசி போட்டிருந்தால் அவன் பிழைக்க வழி இருந்தது. கிருமி நரம்பில் ஏறுவதற்கு முன் உடம்பைத் தயார் செய்துவிடலாம், தடுப்பூசி வேலை செய்வது அதனால்தான். சித்தியை ஒரு குற்றத்திலிருந்து விடுவித்த ஆராய்ச்சி, எங்கள் எல்லாரையும் வேறொரு குற்றத்தில் சேர்த்துவிட்டது.

இப்போது நண்பர்களின் வாதங்களுக்கு வருகிறேன்.

'இதனால் என்ன பயன்?' என்பது முதல் வாதம். பிரெஞ்சில் 'ஆ குவா போன்' என்பார்கள். எங்கள் ஆசிரியர், பிரெஞ்சு மொழியிலேயே மிகச் சோம்பேறித்தனமான கேள்வி இதுதான் என்பார். 1783இல் பாரிஸில் முதல் பலூன்கள் பறந்தபோது, இதனால் என்ன பயன் என்று ஒருவர் கேட்க, அங்கிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், இப்போது பிறந்த குழந்தையால் என்ன பயன் என்று திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். பஸ்தேர் தன் முதல் பெரிய வேலையாக, 1848இல், என்ன செய்தார்? திராட்சை ரசப் பீப்பாயில் படியும் உப்பின் படிகங்களை இடம், வலம் என்று பிரித்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவரைக் கேட்டிருந்தால், இதனால் ஒரு பையன் வெறிநோயிலிருந்து பிழைப்பான் என்று அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

'மக்கள் பணம் வீண்' என்பது இரண்டாவது. இதை அமெரிக்கர்களே கேட்டிருக்கிறார்கள். வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற செனட்டர் 1975 முதல் 1988 வரை மாதாமாதம், அரசுப் பணத்தை வீணடித்ததாக யாரையாவது பிடித்து, தங்கக் கம்பளி விருது என்று கேலி விருது கொடுத்தார். அவர் நேர்மையான மனிதர்தான். நிஜமான வீண்செலவு பலவற்றையும் பிடித்தார். ஆனால் தலைப்பைப் பார்த்துச் சிரிப்பது ஒரு நோய், அது அவருக்கும் இருந்தது. அதற்குப் பதிலாக 2012 முதல் அங்கே தங்க வாத்து விருது என்று ஒன்று கொடுக்கிறார்கள், கேட்டால் சிரிப்பு வரும் ஆராய்ச்சி பெரும் பலன் தந்ததற்கு. 2016இல் ஓர் ஈயின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தவர்களுக்கு அது கிடைத்தது. கால்நடைகளின் புண்ணில் முட்டையிடும் அந்த ஈயை ஒழிக்க வழி அந்த ஆராய்ச்சியில்தான் பிறந்தது.

'பிராணிகளைக் கொல்கிறார்களே' என்பது மூன்றாவது. இது நியாயமான வாதம். சார்ல்டன் குழுவின் ஸ்கங்குகள் செத்துத்தான் எனக்கு விடை கிடைத்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை சிரிப்பு அல்ல. அவை காட்டியதைத் தெரிந்துகொள்வது.

இவ்வளவு பேசும் நான் யோக்கியனா? இல்லை. பணியில் இருந்தபோது ஒரு முறை என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. ஒரு விலங்கியல் ஆசிரியர், பழைய கட்டடங்களில் குடியிருக்கும் வௌவால்களைப் பற்றி ஆராய வலை வாங்க மூவாயிரம் ரூபாய் கேட்டிருந்தார். நான் குறிப்பு எழுதினேன்: 'நேரடிப் பயன் எதுவும் தெரியவில்லை. நிராகரிக்கலாம்.' மேலே இருந்தவர் கையெழுத்துப் போட்டார். அந்த ஆசிரியர் நேரில் வந்து, "சார், ஒரு தடவை நான் எழுதினதைப் படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் படிக்கவில்லை. தலைப்பைத்தான் பார்த்தேன். அவர் மறுபடி வரவில்லை. 2020இல் ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்து, உலகமே வௌவாலைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபோது, அந்த மூவாயிரம் ரூபாயை நினைத்துக்கொண்டேன். அவர் என்ன கண்டுபிடித்திருப்பார், ஒன்றும் கண்டுபிடிக்காமலும் போயிருக்கலாம். அதை முடிவு செய்ய நான் யார்?

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆராய்ச்சி எல்லாமே உயர்ந்தது என்று கும்பிடச் சொல்லவில்லை. வீண் ஆராய்ச்சியும் உண்டு, திருட்டு ஆராய்ச்சியும் உண்டு. தலைப்பைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் உள்ளே ஒரு பக்கம் திருப்பிப் பாருங்கள். குமாஸ்தா செய்த தவறை ஓய்வுபெற்ற பிறகும் செய்ய வேண்டாம்.

இதையெல்லாம் இரண்டு நாள் கழித்துக் கடற்கரையில் நண்பர்களிடம் வாய்விட்டே சொன்னேன். தம்பி கதையையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வங்கி நண்பர் கேட்டார்:

"முசியே, போன மாசம் எம் பேத்தி கால்ல நாய் பிராண்டிடுச்சு. லேசா ரத்தம் வந்துது. டெட்டால் போட்டுத் தொடச்சுட்டு விட்டுட்டோம். ஆறிப்போச்சு. இப்ப ஒண்ணும் பயமில்லையே?"

"நாய் இருக்கா?"

"அது எங்க போச்சோ."

"இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றேன். "ஒரு மாசம் ஆச்சேன்னு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. அப்படியே சொல்லுங்க."

அவர் பேச்சை முடிக்காமலே எழுந்து போனார். அன்றே முதல் ஊசி போட்டாயிற்று. இப்போது தொப்புளைச் சுற்றி இல்லை, கையில்தான். அந்தப் பழைய ஊசியை 2004ஓடு நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஊசிக்கும் தேதி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறாள்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி வெறிநோயால் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் சாகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில். நாய் கடித்தாலோ பிராண்டினாலோ சுண்ணாம்பு வேண்டாம், மிளகாய்த் தூள் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அன்று போகவில்லை என்றால் மறுநாள் போங்கள். மாதம் கடந்துவிட்டாலும் போங்கள். கேட்டால், ஸ்கங்க் சொன்னது என்று சொல்லுங்கள்.